சொல்லப்பட்ட குறை

பழைய பொருள் ஒன்றை விலை கொடுத்து வாங்குகிறவர் அப்பொருளை மட்டும் வாங்குவதில்லை. அதனை முன்பு வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதையும் சேர்த்தே வாங்குகிறார். புதிய பொருளுக்கு வரலாறு இல்லை. பழைய பொருளுக்கு உண்டு. எத்தனை மழைக்காலம் அது அலமாரியின் இருட்டில் கிடந்தது, எத்தனை முறை கைதவறித் தரையில் விழுந்தது, யார் யார் அதைத் திறந்து பார்த்தார்கள் என்பவையெல்லாம் அதன் உள்ளே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த எழுத்தை ஏற்கெனவே வாசித்தவர் விற்பவர். இனிமேல் வாசிக்க வேண்டியவர் வாங்குபவர். இருவருக்கும் இடையே நிற்பது ஒரு சொல் மட்டுமே.

நம் ஊர்களில் மாட்டுச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. அங்கே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நாலடி நடக்கவிட்டுக் கால் தாங்குகிறதா என்று பார்ப்பார்கள். பின்பு துண்டைப் போர்த்தி, அதன் அடியில் விரல்களைத் தொட்டு விலை பேசுவார்கள். விலை மறைவில் இருக்கும். மாடு வெட்டவெளியில் நிற்கும். இன்றைய இணையச் சந்தையிலோ இம்முறை தலைகீழாகிவிட்டது. விலை ஊரறிய எழுதப்பட்டிருக்கிறது. பொருள்தான் துண்டுக்கு அடியில் இருக்கிறது.

அப்படித் துண்டுக்கு அடியில் இருந்த ஒரு பொருளை 2022ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் நான் வாங்கினேன். அது கேமராவுக்குரிய பழைய லென்ஸ். ஹீலியோஸ் 44-2 என்று பெயர். நிழற்படக் கலையில் நாட்டமுள்ளோர் பலரும் அறிந்த பெயர்தான். ஜெர்மனியில் ஸைஸ் நிறுவனத்தார் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு உருவாக்கிய பயோட்டார் என்னும் லென்ஸின் அமைப்பைத் தழுவி, போருக்குப் பின்னர் சோவியத் நாட்டில் இது செய்யப்பட்டது. 58 மில்லிமீட்டர் குவியத் தொலைவு. ஆறு கண்ணாடி வில்லைகள். அவற்றுள் நான்கு இரண்டிரண்டாக ஒட்டப்பட்டவை. செனித் என்னும் கேமராவோடு இணைந்து மிகப் பெரும் எண்ணிக்கையில் இவை வெளிவந்தன. முகத்தைத் தெளிவாகக் காட்டி, பின்னால் உள்ள இலை தழைகளைச் சுழித்தோடும் நீர்போல் மயங்கச் செய்வது இதன் இயல்பு. சிறு வளையம் ஒன்றைப் பொருத்தினால் இன்றைய கேமராக்களிலும் இது பயன்படும். எங்கள் தெருவில் உள்ள முதியவர்களின் முகங்களைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு; அதற்கு இது ஏற்றது என்று கருதினேன்.

விற்பவர் தொலைவில் உள்ள நகரொன்றில் இருந்தார். விளம்பரத்தில் மூன்று படங்கள் இருந்தன. "சிறந்த நிலையில் உள்ளது" என்ற வாசகமும் இருந்தது. நான் அவருக்கு எழுதினேன்: "கண்ணாடியில் கீறலோ பூஞ்சையோ மங்கலோ இருந்தால் தெரிவியுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் குறை இல்லையென்றே கொண்டு பணம் அனுப்புகிறேன்." மறுமொழியாகப் பணம் செலுத்த வேண்டிய விவரமும் பொதி புறப்படும் நாளும் மட்டும் வந்தன. நான் 4,800 ரூபாய் அனுப்பினேன். நான்காம் நாள் பொதி வந்து சேர்ந்தது. பஞ்சும் தாளும் வைத்து மிகுந்த கவனத்தோடு கட்டப்பட்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

பழைய லென்ஸைச் சோதிக்கும் முறை எளியது. இருண்ட அறையில் அதன் துளையை முழுமையாகத் திறந்து வைத்து, பின்புறமிருந்து கைவிளக்கின் ஒளியைச் சற்றே சாய்வாகச் செலுத்தி, முன்புறமாக உற்று நோக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் பளிங்குபோல் தோன்றும் கண்ணாடி, அந்தச் சாய்ந்த ஒளியில் தன்னுள் இருப்பதையெல்லாம் காட்டிவிடும். எனக்குக் காட்டியது பூஞ்சையை. முன் வில்லையின் உட்புறத்தில், ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி நூலினும் மெல்லிய வெண்ணிற இழைகள் கிளை கிளையாகப் படர்ந்திருந்தன. பார்க்க அழகாகவே இருந்தன, அதுதான் வேதனை.

கடலோர ஊர்களில் வாழும் நமக்குப் பூஞ்சை அறிமுகமற்ற விருந்தாளி அன்று. ஊறுகாய்ச் சாடியிலும் தோல் செருப்பிலும் அதைக் கண்டிருக்கிறோம். கண்ணாடியில் அதற்கு என்ன உணவு என்று கேட்கலாம். கண்ணாடியை அது உண்பதில்லை. அதன்மேல் படிந்த தூசும் விரல்ரேகையின் எண்ணெய்ப் பசையுமே அதற்குப் போதுமானவை. காற்றில் எங்கும் மிதக்கும் அதன் வித்துகள் லென்ஸின் உள்ளேயும் புகுந்துவிடும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு அறுபது, எழுபதுக்கு மேல் நீண்ட நாள் நீடித்து, இருட்டும் அசைவின்மையும் வாய்த்தால் அவை முளைத்துவிடும். ஈரத்தைத் தேக்கி வைக்கும் தோல் உறையில் பூட்டி வைத்தால் சொல்லவே வேண்டியதில்லை. வளரும்போது பூஞ்சை ஒருவகை அமிலத்தைக் கசியவிடுகிறது. அது வில்லையின் மேலுள்ள மெல்லிய பூச்சை அரித்து, நாளடைவில் கண்ணாடியிலும் தடம் பதித்துவிடுகிறது. ஆகவே பூஞ்சை என்பது ஒரு நாளில் வருவதன்று. நான்கு நாள் பயணத்தில் முளைத்து இவ்வளவு படரும் பயிரும் அன்று.

நான் படமெடுத்து விற்பவருக்கு அனுப்பினேன். "என்னிடம் இருந்தவரை அப்படி எதுவும் இல்லை, விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று எழுதினார். அதன்பின் அவரிடமிருந்து சொல் இல்லை.

அந்தச் சொல்லின்மை என்னைச் சில நாள் தொந்தரவு செய்தது. இழந்த பணத்தைக் காட்டிலும் ஒரு கேள்வியே என்னை அலைக்கழித்தது: மௌனம் பொய்யாகுமா? இதைத் தேடிச் சென்றபோது, நம் நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதே கேள்வியை எடுத்துப் பேசுவதைக் கண்டேன். அதன் 17ஆம் பிரிவு வஞ்சகம் இன்னதென்று வரையறுத்துவிட்டு, ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஒருவன் தன் குதிரை குறையுடையது என்று அறிந்தே அதை ஏலத்தில் விற்கிறான். வாங்குபவனிடம் குறையைப்பற்றி வாய் திறக்கவில்லை. இது வஞ்சகம் அன்று என்கிறது சட்டம். ஆனால் அங்கேயே அது நின்றுவிடவில்லை. வாங்குகிறவள் அவனுடைய மகளாகவும், இப்போதுதான் உரிய வயதை எட்டியவளாகவும் இருந்தால், குறையைச் சொல்லுவது அவன் கடமை என்கிறது. மேலும், "நீ மறுக்காவிட்டால் குதிரை நல்லதென்றே கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்ல, விற்பவன் பேசாமல் இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம் என்கிறது.

என் கடிதமும் அவர் மௌனமும் ஏறக்குறைய அந்த வரிகளாகவே இருந்ததைக் கண்டு வியந்தேன். எனினும் வழக்குத் தொடுக்கும் எண்ணம் எனக்கு எழவில்லை; தொகை சிறியது. என் மனத்தில் தங்கியது வழக்கின் வெற்றி தோல்வி அன்று, அந்த மகள். அந்நியனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்குச் சொல்லியாக வேண்டும். சட்டம் ஒரு கோட்டை இப்படிக் கிழித்து வைத்திருக்கிறது. கோடு கிழிப்பது சட்டத்தின் வேலை; அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பது நம் வேலை.

இச்சட்டத்துக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பு, 13ஆம் நூற்றாண்டில், புனித தாமஸ் அக்குவினாஸும் இதே சந்தையில் நின்று, இதே குதிரையைப் பார்த்திருக்கிறார். தமது இறையியல் தொகுப்பில், விற்பவர் தம் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா என்று ஒரு வினாவை எழுப்பி, அவர் தரும் விடை மிகவும் நடைமுறை அறிவோடு கூடியது. குதிரைக்கு ஒரு கண் இல்லையென்றால் அது எல்லாருக்கும் தெரியும். விலையை அதற்கேற்பக் குறைத்திருந்தால் தனியே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நொண்டும் குதிரையை விரைந்தோடும் குதிரையென்றும், இடியும் நிலையிலுள்ள வீட்டை உறுதியான வீடென்றும் கருதி ஒருவர் வாங்கி, அதனால் இழப்போ ஆபத்தோ அடையக்கூடுமானால், மறைந்துள்ள அக்குறையைச் சொல்லியே தீர வேண்டும். அதற்காகத் தண்டோரா போட்டு அறிவிக்க வேண்டுமா? வேண்டியதில்லை என்கிறார். குறையையே முதலில் கேட்கிறவர்கள் அப்பொருளின் மற்ற நலன்களை அறியாமலே அஞ்சி விலகிவிடுவார்கள்; ஆகவே வாங்க வருகிறவரிடம் தனித்துச் சொன்னால் போதும்; அவர் நிறையையும் குறையையும் ஒருங்கே சீர்தூக்கிப் பார்க்கட்டும் என்கிறார். விற்பவரின் பிழைப்பையும் வாங்குபவரின் நலனையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்த இந்த நிதானம் என்னைக் கவர்ந்தது.

ஆனால் நிதானம் நூலில் இருப்பது எளிது. வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் லென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒம்ம தலையில ஒருத்தன் கட்டிட்டாம்லா? நீரும் இன்னொருத்தன் தலையில கட்டிரும். அவன் போட்ட மூணு போட்டாவையே போடும். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பிறர் துன்பத்தில் ஓடிவந்து உதவுகிற மனிதர். எனக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யவே வழி சொன்னார். அவர் சொன்னதில் ஒரு வகை நியாயம்கூட இருப்பதுபோல் தோன்றும். நான் ஏமாற்றவில்லை, ஏமாற்றத்தைக் கைமாற்றுகிறேன், அவ்வளவுதான் என்று மனம் வாதாடும்.

அந்த வாதத்தின் முடிவில் யார் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். சங்கிலியின் கடைசி வளையத்தில் யாரோ ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். அவர் பெரும்பாலும் இரவல் கேமராவோடும் சேமித்த பணத்தோடும் தொழில் தொடங்கும் ஓர் இளைஞராக இருப்பார். பழைய லென்ஸ்களைத் தேடி வருகிறவர்களில் பலர் புதியதை வாங்க வசதி இல்லாதவர்கள். முதல் வருமானத்துக்காக ஒரு திருமண வீட்டுக்குப் போவார். விளக்குகள் எதிரே எரியும் மேடையில் மணமக்களைப் படமெடுப்பார். அன்று அவர் பெயர் கெடும். கெட்டது எதனால் என்றுகூட அவருக்குத் தெரியாது. தம் கையில்தான் குறை என்று எண்ணிக்கொள்வார். மறைக்கப்பட்ட குறையின் கொடுமை இதுவே. அது பணத்தை மட்டும் பறிப்பதில்லை. ஒருவர் தம்மீது கொண்ட நம்பிக்கையையும் பறித்துவிடுகிறது.

நான் லென்ஸை எடுத்துக்கொண்டு, பிலிம் காலத்தில் ஸ்டூடியோக்காரர்களின் கேமராக்களைப் பழுதுபார்த்து வந்த பெரியவர் ஒருவரிடம் போனேன். இப்போது அவர் கைக்கடிகாரங்களையே மிகுதியும் பார்க்கிறார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு சற்று நேரம் நோக்கினார். "பங்கஸ் சார். தொடச்சுத் தந்திரலாம். ஆனா அது தின்ன தடம் போவாது. மேப்பூச்ச அரிச்சிருக்கு. போயிரும்னு நான் சொன்னா அது பொய்" என்றார். "செய்யுங்கள், அண்ணாச்சி" என்றேன். கூலி 600 ரூபாய் என்றும் அதற்குப் பின்னரே சொன்னார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெயர் பொறித்த முன்வளையத்தை ரப்பர் துண்டால் அழுத்திச் சுழற்றிக் கழற்றினார். பிடிவளையத்தின் பள்ளங்களில் இருமுனைக் கருவியைப் பொருத்தித் திருகினார். வில்லை வெளியே வந்ததும், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதற்கு ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, வெள்ளைத் துணியின்மேல் கிடத்தினார். சாராயச் சத்து நனைத்த மெல்லிய தாளால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி வட்டமாகத் துடைத்தார். இழைகள் போயின. வெளிச்சத்தில் பிடித்தபோது, அவை இருந்த இடத்தில் அவற்றின் நிழல்போல் மங்கிய கோடுகள் தெரிந்தன. "பாத்தீங்களா, நான் சொன்னம்லா" என்றார். ஒட்டிய வில்லைகளுக்கு நடுவே அது புகுந்திருந்தால் இந்த அளவும் இயலாது என்றும் சொன்னார். குறையை முன்கூட்டியே சொல்லிவிட்ட தொழிலாளியிடம் கூலி கொடுக்கையில் கை தயங்குவதில்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

அடுத்த சில மாதங்கள் அந்த லென்ஸோடு பழகினேன். சூரியன் என் முதுகுப்புறம் இருக்கையில் எடுத்த படங்களில் குறையின் சாயலே இல்லை. முகத்தின் சுருக்கங்கள் கூர்மையாக விழுந்தன. பின்னால் வேப்பமரம் சுழித்து மயங்கியது. ஒளி எதிரே வந்தாலோ படம் முழுவதும் வெண்ணிறத் திரை ஒன்று படர்ந்தது, கருமை சாம்பலாயிற்று. கண்ணாடியில் உள்ள தடங்கள் உருவங்களாகப் படத்தில் பதிவதில்லை. அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. ஆகவே முன்புறம் ஒரு மறைப்பு வளையம் பொருத்தி, நேர் ஒளியைத் தவிர்த்துக்கொண்டால் பெருமளவு சமாளித்துவிடலாம். குறை அதே குறைதான்; ஆனால் அறிந்தவன் கையில் அது ஓர் எல்லை, அறியாதவன் கையில் அது ஒரு கண்ணி.

கண்ணாடியின் குறையைப்பற்றிப் பேசும்போது ஒரு பழைய வரலாறு நினைவுக்கு வருகிறது. 1890களில் இங்கிலாந்தின் யார்க் நகரில், தொலைநோக்கிகள் செய்யும் குக் நிறுவனத்தில் டென்னிஸ் டெய்லர் என்ற ஒளியியல் அறிஞர் பணியாற்றினார். காலத்தால் நிறம் மங்கிப்போன பழைய வில்லைகளைப் பார்ப்போர் அவை கெட்டுவிட்டன என்றே எண்ணினர். டெய்லரோ அவை புதிய வில்லைகளைவிடச் சற்றுக் கூடுதலான ஒளியை உள்ளே விடுவதைக் கண்டார். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மங்கலாய்ப் படிந்த மென்படலம் அந்த இழப்பைக் குறைத்திருந்தது. அந்த மங்கலைச் செயற்கையாக உண்டாக்க அவர் முயன்று காப்புரிமையும் பெற்றார். பின்னர் 1935இல் ஸைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மகுலா வெற்றிடத்தில் மென்பூச்சுப் பூசும் முறையைக் கண்டார். இன்று நம் கேமராக்களிலும் மூக்குக்கண்ணாடிகளிலும் ஊதாவும் பச்சையுமாய் மின்னும் பூச்சுகள் அந்த வழியில் வந்தவையே.

பூஞ்சை அரிப்பும் அந்த மங்கலும் ஒன்றல்ல; பூஞ்சையால் நன்மை ஏதும் விளைவதில்லை. நான் சொல்ல வருவது வேறு. வாடிக்கையாளர் கண்டுவிடுவாரோ என்று அஞ்சி, மங்கிய வில்லையை மீண்டும் மெருகிட்டு மறைத்திருந்தால் அந்த உண்மை அவர் கைக்கு எட்டியிராது. அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. அளந்து பார்த்தார், கண்டதைச் சொன்னார். நன்மையோ தீமையோ, வெளிச்சத்தில் வைக்கப்பட்ட பின்னரே எதையும் எடைபோட இயலும்.

அடுத்த ஆண்டுக் கோடையில் முதியவர்களின் படங்கள் முடிந்தன. வேறொரு லென்ஸ் கைக்கு வந்ததும், இதனை விற்க முடிவு செய்தேன். தண்டோரா வேண்டியதில்லை என்று அந்த இறையியல் அறிஞர் சலுகை கொடுத்திருந்தும், நான் விளம்பரத்திலேயே எழுதிவிட்டேன். அவர் காலத்துச் சந்தையில் வாங்குபவர் எதிரே வந்து நின்றார். இணையச் சந்தையிலோ விளம்பரமே முகம், விளம்பரமே குரல். "முன் வில்லையில் பூஞ்சை இருந்து துடைக்கப்பட்டது, அரித்த தடம் உள்ளது, எதிரொளியில் படம் வெளுக்கும்" என்று எழுதி, கைவிளக்கு ஒளியில் எடுத்த படத்தையும், எதிர்வெயிலில் வெளுத்த படம் ஒன்றையும், தெளிவான படம் ஒன்றையும் சேர்த்தேன். விலை 2,500 ரூபாய்.

அக்குவினாஸ் சொன்னது பொய்க்கவில்லை. இருவர் விசாரித்துவிட்டு விலகினர். ஒருவர், "நீங்களே இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள்?" என்று எனக்காக வருந்தினார். ஒரு மாதம் கழித்து, அருகிலுள்ள ஊரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் நேரில் வந்தார். நான் கைவிளக்கை அவர் கையில் கொடுத்து, "நல்லாப் பாத்துக்கிடுங்க, தம்பி" என்றேன். அவர் பார்த்தார். பின்பு தம் கேமராவில் பொருத்தி முற்றத்தில் நாலைந்து படங்கள் எடுத்தார். சன்னலை நோக்கி ஒன்று எடுத்து, அது வெளுத்திருப்பதைக் கண்டு தலையசைத்தார். "இது எனக்குப் போதும் சார். வெயில முதுகுக்கு வச்சுக்கிடுதேன்" என்றார். 2,300 ரூபாய்க்குப் பேசி முடித்தோம். கூட்டிக் கழித்தால் எனக்கு 3,100 ரூபாய் நட்டம். சிறிய தொகை என்று சொல்ல மாட்டேன். அந்தத் தொகைக்கு எங்கள் வீட்டில் பல செலவுகள் காத்திருந்தன. ஆயினும் அந்த இளைஞர் படியிறங்கிப் போனபோது, அவர் எந்த வீட்டில் எந்த விளக்கின் எதிரே நின்றாலும் திகைத்து நிற்கமாட்டார் என்ற நிம்மதி எனக்கு இருந்தது.

ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைக்கவும், தோல் உறையைத் தவிர்க்கவும், அவ்வப்போது வெளியே எடுத்துப் பயன்படுத்தவும் அவரிடம் சொல்லியனுப்பினேன். பயன்படாமல் இருட்டில் கிடப்பதே பூஞ்சைக்குப் பிடித்தமானது. பெட்டிக்குள் ஒரு சிறு தாளையும் மடித்து வைத்தேன். எந்த வில்லையில் பூஞ்சை இருந்தது, எந்த மாதம் துடைக்கப்பட்டது, எது போயிற்று, எது போகவில்லை என்று அதில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். என்றேனும் ஒருநாள் அவரும் இதை விற்பார். அன்று அந்தத் தாள் பெட்டியிலேயே இருக்குமா, வெளியே எடுக்கப்படுமா என்பது இனி அவருடைய கையில் இருக்கிறது.